எட்டு வயதில் முதல் பிறந்தநாள்

ஒரு வினாடி வினாக் கேள்வி. முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. மறைந்தது 1995 ஏப்ரல் 10. இந்த 99 ஆண்டுகளில் தன் பிறந்த தேதியை அவர் காலண்டரில் எத்தனை முறை பார்த்திருப்பார்?

நான்கு ஆண்டுக்கு ஒரு முறை என்று மனக்கணக்குப் போடுகிறவர்கள் 24 என்பார்கள். சரியான விடை 23. பிறந்து நான்கு ஆண்டு கழித்து வந்திருக்க வேண்டிய 1900 பிப்ரவரி 29 வரவே இல்லை. பிப்ரவரி 28-க்கு அடுத்து மார்ச் 1 வந்துவிட்டது. அவருடைய முதல் பிறந்தநாள் 1904-ல்தான் வந்தது. அப்போது அவருக்கு வயது எட்டு.

அதே 1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பின்னாளில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல்தான் அது. 1977-ல் பிரதமராக இருந்த மொரார்ஜி, குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்கும்படி அவரைக் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். ஒப்புக்கொண்டு வென்றிருந்தால், நாட்டின் முதல் இரண்டு நாற்காலிகளிலும் பிப்ரவரி 29-ல் பிறந்தவர்களே உட்கார்ந்திருப்பார்கள்.

நான்கால் மீதமின்றி வகுபட்டால் லீப் வருடம் என்று பள்ளியில் படித்தோம். 1900 நான்கால் வகுபடும். பிறகு ஏன் அந்த ஆண்டுக்கு மட்டும் ஒரு நாளைத் தர மறுத்தார்கள்?

ஒட்டாத இரண்டு ஓட்டங்கள்

பூமிக்கு இரண்டு வேலை. தன்னைத் தானே சுற்றுவது ஒன்று. அது நமக்கு நாள். சூரியனைச் சுற்றிவருவது இன்னொன்று. அது நமக்கு ஆண்டு. இந்த இரண்டு சுற்றுகளும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. ஆண்டு முடியும் நேரமும் நாள் முடியும் நேரமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று இயற்கையில் எந்த விதியும் இல்லை.

பகலும் இரவும் சம நீளமாக இருக்கும் நாள் மார்ச் மாதத்தில் ஒன்று வரும். சம இரவு நாள் என்று அதைச் சொல்வோம். ஒரு சம இரவிலிருந்து அடுத்த ஆண்டின் சம இரவு வரையுள்ள காலமே பருவ ஆண்டு. கோடையும் குளிரும் இதைப் பின்பற்றித்தான் வருகின்றன. இதன் நீளம் 365 நாள், 5 மணி, 48 நிமிடம், ஏறத்தாழ 46 விநாடி.

அந்த ஐந்தே முக்கால் மணிச் சொச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. பூமி விநாடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 365 நாள் முடிந்து காலண்டரை மாற்றும்போது, பூமி சேர வேண்டிய இடத்துக்கு இன்னும் 6 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் பாக்கி இருக்கும். இங்கிருந்து நிலாவுக்கு உள்ள சராசரி தூரமே நான்கு லட்சத்துக்குள்தான். அந்தப் பாக்கியைத் தீர்க்காமல் விட்டால் நான்கு ஆண்டில் ஒரு நாள் பிந்தும். ஒரு மனிதனின் ஆயுளுக்குள் பருவங்கள் இருபது நாள் தள்ளிப் போய்விடும்.

445 நாள் நீண்ட ஆண்டு

ரோமானியர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். எப்போது எத்தனை நாளைச் சேர்ப்பது என்ற அதிகாரம் அங்கே பூசாரிகளிடம் இருந்தது. ஜூலியஸ் சீசர் ஆட்சிக்கு வந்தபோது காலண்டர் பருவங்களை விட்டு மாதக்கணக்கில் விலகியிருந்தது. அலெக்சாண்ட்ரியாவைச் சேர்ந்த சோசிஜெனிஸ் என்ற வானியலாளரின் ஆலோசனைப்படி சீசர் அதைச் சரிசெய்தார். விலகலை ஒரே மூச்சில் ஈடுகட்ட, கி.மு. 46-ஆம் ஆண்டை 445 நாளுக்கு நீட்டினார். மனித வரலாற்றில் இவ்வளவு நீண்ட ஆண்டை வேறு யாரும் கழித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டிலிருந்து புதிய விதி: ஆண்டுக்கு 365 நாள், நான்கு ஆண்டுக்கு ஒரு முறை கூடுதலாக ஒரு நாள். சீசர் கொல்லப்பட்ட பிறகு பூசாரிகள் இதிலும் குழப்பினார்கள். தொடங்கும் ஆண்டையும் சேர்த்து எண்ணி, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கூடுதல் நாளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சில லீப் வருடங்களை ரத்துசெய்து அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் அகஸ்டஸ்.

அதன் பிறகு ஐரோப்பா ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் இந்த ஜூலியன் காலண்டரை நம்பி வாழ்ந்தது. ஆனால் அதற்குள் ஒரு சின்னக் கடன் வளர்ந்துகொண்டிருந்தது.

பதினொன்றே கால் நிமிடம்

இந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். கூட்டலும் பெருக்கலும் போதும்.

சீசரின் ஆண்டு சராசரியாக 365 நாள் 6 மணி. பருவ ஆண்டோ 365 நாள் 5 மணி 48 நிமிடம் 46 விநாடி. வித்தியாசம் ஏறக்குறைய பதினொன்றே கால் நிமிடம். காலண்டர் ஆண்டுக்கு அவ்வளவு நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது.

நான்கு ஆண்டில் இது 45 நிமிடம். பாக்கியைத் தீர்க்க இருபத்து மூன்றே கால் மணி போதும் என்ற இடத்தில் முழுசாக 24 மணியைக் கொடுத்துவிட்டார் சீசர். 16 ஆண்டில் 3 மணி. 32 ஆண்டில் 6 மணி. 64 ஆண்டில் 12 மணி. 128 ஆண்டில் 24 மணி, அதாவது முழுதாக ஒரு நாள்.

128 ஆண்டுக்கு ஒரு நாள். யார் வாழ்நாளிலும் இது கண்ணில் படாது. தாத்தா விதைத்த தேதியில்தான் பேரனும் விதைத்தான். ஆனால் கிறிஸ்தவத் திருச்சபைக்கு இது கண்ணை உறுத்தியது. காரணம் ஈஸ்டர். சம இரவுக்குப் பிறகு வரும் பௌர்ணமி, அதற்குப் பிறகு வரும் ஞாயிறு என்பது ஈஸ்டரின் கணக்கு. கி.பி. 325-ல் நைசியாவில் சபைத் தலைவர்கள் கூடிய காலத்தில் சம இரவு மார்ச் 21-ஐ ஒட்டி வந்தது. அந்தத் தேதியையே நிலையாக வைத்து ஈஸ்டரைக் கணித்துவந்தார்கள்.

அந்த 325-லிருந்து 1582 வரை 1,257 ஆண்டுகள். 128-ஆல் வகுத்தால் 9.8. ஏறத்தாழ பத்து நாள். உண்மையிலும் 1582-ல் சம இரவு மார்ச் 11-ஐ ஒட்டியே நிகழ்ந்தது. காகிதத்தில் மார்ச் 21, வானத்தில் மார்ச் 11.

தீர்வை வகுத்தவர் இத்தாலியின் கலாப்ரியா பகுதியைச் சேர்ந்த அலோய்சியஸ் லிலியஸ் என்ற மருத்துவர். அது அமலுக்கு வருவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. கிறிஸ்டோபர் கிளாவியஸ் என்ற ஜெசூயிட் கணிதவியலாளர் அதை விளக்கியும் எதிர்ப்புகளுக்குப் பதில் சொல்லியும் நிலைநிறுத்தினார். போப் பதின்மூன்றாம் கிரிகோரி ஆணையிட்டார். 1582 அக்டோபர் 4, வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை, அக்டோபர் 15. கிழமை வரிசையில் கைவைக்கவில்லை. தேதியில் மட்டும் பத்தை வெட்டினார்கள். 1582 அக்டோபர் 10 அன்று ரோமில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், அப்படி ஒரு நாளே அங்கே இல்லை என்பதுதான் பதில்.

நானூறில் மூன்று

பழைய பிழையை வெட்டினால் போதாது. அது திரும்ப வளராமலும் தடுக்க வேண்டும். 128 ஆண்டுக்கு ஒரு லீப் நாளைக் கைவிட்டால் கணக்கு கிட்டத்தட்ட கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் 128-இன் மடங்குகளை யார் நினைவில் வைத்துக்கொள்வது? மூன்று 128 சேர்ந்தால் 384. அது 400-க்குப் பக்கம். எனவே 400 ஆண்டுக்கு மூன்று லீப் நாளை எடுத்துவிடலாம் என்று முடிவுசெய்தார்கள்.

எந்த மூன்றை எடுப்பது? இரண்டு பூஜ்யத்தில் முடியும் ஆண்டுகள் நினைவில் நிற்கும். 400 ஆண்டில் அப்படி நான்கு வரும். அவற்றில் 400-ஆல் வகுபடுவதை விட்டுவிட்டு மற்ற மூன்றிலும் பிப்ரவரி 29 கிடையாது. இதன்படி 1600 லீப் வருடம், 1700, 1800, 1900 மூன்றும் அல்ல, 2000 லீப் வருடம், 2100 அல்ல.

மொரார்ஜியின் முதல் பிறந்தநாள் நான்கு ஆண்டு தள்ளிப்போனது இந்த விதியால்தான். நம்மில் யாருக்கும் இந்த விதி கண்ணில் படாததற்கும் காரணம் உண்டு. 1901 முதல் 2099 வரை விதிவிலக்கே வராது. இடையில் வரும் ஒரே நூற்றாண்டுத் திருப்பம் 2000. அது 400-ஆல் வகுபட்டுத் தப்பித்துவிட்டது. ஆகவே, பள்ளியில் படித்த அரைகுறை விதி இப்போது உயிரோடு இருக்கும் எல்லோருக்குமே சரியாக வேலை செய்துவருகிறது.

எக்செல் காட்டும் பொய்த் தேதி

இந்த அரைகுறை விதிக்குக் கணினிகளும் பலியாயின. உங்கள் கணினியில் எக்செல் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். வெறும் கட்டம் ஒன்றில் 60 என்று எழுதி, அந்த எண்ணைத் தேதியாகக் காட்டச் சொல்லுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். மொரார்ஜிக்குக் காலண்டர் தர மறுத்த அதே தேதி.

எக்செல் ஒவ்வொரு நாளையும் ஓர் எண்ணாக வைத்துக்கொள்கிறது. 1900 ஜனவரி 1 என்பது எண் 1. ஜனவரியில் 31, பிப்ரவரியில் 28, ஆக 59. அறுபதாவது நாள் மார்ச் 1 ஆக இருக்க வேண்டும். எக்செல்லுக்கு முன்பு சந்தையை ஆண்ட லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு மென்பொருள் 1900-ஐ லீப் வருடமாக எடுத்துக்கொண்டது. அதில் எழுதிய கோப்புகள் எக்செல்லிலும் தேதி மாறாமல் திறக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பிழையையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். இன்று அதைத் திருத்தினால் உலகம் முழுவதும் உள்ள கோப்புகளில் தேதிகள் ஒரு நாள் பிசகும் என்பதால் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள், இரண்டு தேதி

போப்பின் ஆணையை ஸ்பெயினும் போர்த்துகலும் இத்தாலியும் உடனே ஏற்றன. புராட்டஸ்டன்ட் நாடுகளும் ரஷ்யா போன்ற ஆர்த்தடாக்ஸ் நாடுகளும் ஏற்கவில்லை. இதனால் அடுத்த மூன்றரை நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரே நாளுக்கு இரண்டு தேதி. இரண்டுக்கும் இடையிலான இடைவெளி முதலில் பத்து நாள். 1700, 1800, 1900 ஒவ்வொன்றையும் கடக்கும்போது அது ஒவ்வொரு நாள் கூடியது. வரலாற்றின் பல விசித்திரத் துணுக்குகள் இந்தப் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

ஸ்பெயினில் அவிலாவின் புனித தெரசா காலமானது வெட்டு விழுந்த அதே இரவில். அக்டோபர் 4 இரவு மறைந்தார், மறுநாள் அடக்கம். அந்த மறுநாள் அக்டோபர் 15. அவருடைய திருவிழா இன்றும் அக்டோபர் 15-ல்தான் நடக்கிறது.

இடைவெளி பத்து நாளாக இருந்த காலத்தில் ஷேக்ஸ்பியரும் செர்வான்டிஸும் மறைந்தார்கள். இருவருக்கும் 1616 ஏப்ரல் 23 என்றே சொல்வது வழக்கம். யுனெஸ்கோவின் உலகப் புத்தக நாளும் அதுதான். ஆனால் ஸ்பெயினின் ஏப்ரல் 23-க்குப் பத்து நாள் கழித்தே இங்கிலாந்தில் ஏப்ரல் 23 வந்தது. செர்வான்டிஸ் இறந்தது 22 என்றும் 23-ல் அடக்கம் நடந்தது என்றும் ஆய்வாளர்கள் சொல்வதால் ஒற்றுமை இன்னும் தளர்கிறது. கலிலியோ இறந்த 1642-லேயே நியூட்டன் பிறந்தார் என்ற பிரபலத் துணுக்கும் இப்படித்தான். நியூட்டனின் 1642 டிசம்பர் 25 இங்கிலாந்துக் கணக்கு. கலிலியோ வாழ்ந்த இத்தாலியின் கணக்கில் அது 1643 ஜனவரி 4.

இடைவெளி பதினொன்றாக இருந்தபோது அது நம் கடற்கரையிலும் தெரிந்தது. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் புதிய கணக்கு. சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள் பழைய கணக்கு. 1746-ல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா போர்தொனே சென்னைக் கோட்டையைப் பிடித்தார். பிரெஞ்சுப் பதிவில் அது செப்டம்பர் 21. ஆங்கிலப் பதிவில் செப்டம்பர் 10. இரண்டுக்கும் அது புதன்கிழமைதான். புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கோ அது அட்சய வருடம் புரட்டாசி மாதம். ஒரே நாளுக்கு ஒரே கடற்கரையில் மூன்று தேதிகள்.

ஆங்கிலேயர் 1752-ல் வழிக்கு வந்தார்கள். செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. எங்கள் பதினோரு நாளைத் திருப்பிக் கொடு என்று லண்டனில் கலகம் நடந்ததாகப் பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். ஓவியர் ஹோகார்த் 1755-ல் வரைந்த ஒரு தேர்தல் கேலிச் சித்திரத்தில் வரும் வாசகத்திலிருந்து முளைத்த கதை அது. கலகம் நடந்ததற்கு ஆதாரம் இல்லை.

இடைவெளி பன்னிரண்டாக இருந்த 1896-ல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் தொடங்கியது. உலகம் அதை ஏப்ரல் 6 என்கிறது. கிரீஸில் அன்று மார்ச் 25, அவர்களுடைய சுதந்திர நாள். விளையாட்டு வரலாற்றில் படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும் ஏப்ரல் 6, அந்த மைதானத்தில் இருந்தவர்களுக்குத் தேசத் திருநாள். இடைவெளி பதின்மூன்றானபோது ரஷ்யப் புரட்சி வந்தது. பழைய கணக்கில் அக்டோபர் 25, புதிய கணக்கில் நவம்பர் 7. அக்டோபர் புரட்சியின் ஆண்டு விழாவை நவம்பரில் கொண்டாடியது இதனால்தான். லெனின் அரசு 1918 ஜனவரி 31-க்கு மறுநாளைப் பிப்ரவரி 14 என்று அறிவித்துப் புதிய கணக்குக்கு மாறியது. கிரீஸ் 1923 வரை காத்திருந்தது.

பிப்ரவரி 30

எல்லோரையும் விட அதிகமாகச் சிக்கிக்கொண்டது ஸ்வீடன். ஒரேயடியாகப் பதினொரு நாளை வெட்டுவதற்குப் பதில், 1700 முதல் நாற்பது ஆண்டுகள் லீப் நாளே இல்லாமல் விட்டால் மெதுவாகப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று திட்டமிட்டார்கள். 1700-ல் லீப் நாளை விட்டார்கள். பிறகு போர் வந்தது. 1704-லும் 1708-லும் திட்டத்தை மறந்து லீப் நாளைச் சேர்த்துவிட்டார்கள். விளைவு, ஸ்வீடனின் தேதி ரோமுடனும் சேரவில்லை, ரஷ்யாவுடனும் சேரவில்லை. கடைசியில் பழைய கணக்குக்கே திரும்பிவிட முடிவுசெய்தார்கள். விட்ட ஒரு நாளைத் திரும்ப ஒட்ட வேண்டும்; 1712 ஏற்கெனவே லீப் வருடம். ஆகவே அந்த ஆண்டு ஸ்வீடனில் பிப்ரவரி 30 வந்தது. அன்று பிறந்தவர்களுக்குப் பிறந்தநாள் திரும்ப வரவே இல்லை. பிறகு 1753-ல் மற்றவர்களைப் போலவே ஒரே வெட்டாக வெட்டினார்கள்.

பொங்கல் ஏன் நகர்கிறது?

இவ்வளவு நேரம் பருவ ஆண்டைப் பற்றிப் பேசினோம். தமிழ்ப் பஞ்சாங்கத்தின் ஆண்டு வேறு. சூரியன் விண்மீன்களின் பின்னணியில் ஓர் இடத்திலிருந்து புறப்பட்டு மறுபடி அதே இடத்துக்கு வரும் காலத்தை அது அளக்கிறது. இதை விண்மீன் ஆண்டு எனலாம். சூரியன் மகர ராசிக்குள் நுழைவதுதான் தைப் பிறப்பு.

இரண்டு ஆண்டுகளும் ஒரே நீளம் அல்ல. பூமியின் அச்சு, வேகம் குறையும் பம்பரத்தின் தலையைப் போல, மெல்ல வட்டமடிக்கிறது. ஒரு வட்டத்துக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டு. இந்த அயன நகர்வால் சம இரவு ஒவ்வொரு ஆண்டும் சற்று முந்தி வருகிறது. விண்மீன் ஆண்டு பருவ ஆண்டை விட ஏறத்தாழ 20 நிமிடம் நீளம். அந்த 20 நிமிடம் 72 ஆண்டில் ஒரு நாளாகச் சேர்கிறது.

சுவாமி விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12. அன்று மகர சங்கராந்தி. இப்போது பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. நூற்று அறுபது ஆண்டில் இரண்டு நாளுக்கு மேல் நகர்ந்திருக்கிறது. பொங்கலன்று சூரியன் வடக்கே திரும்புகிறது என்ற மரபும் இந்தக் கணக்கில் விளங்கும். சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 22-ஐ ஒட்டி. இடையில் சுமார் 24 நாள். 72-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1,700 ஆண்டு. அவ்வளவு காலத்துக்கு முன் இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தன.

இந்த நகர்வு ஆண்டுதோறும் சீராகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் நாள் தவறாமல் வரும்வரை ஆங்கிலக் காலண்டரும் நம் ஆண்டும் கிட்டத்தட்டச் சேர்ந்தே ஓடுகின்றன; பொங்கல் 14-க்கும் 15-க்கும் இடையே ஊசலாடிக்கொண்டு மிக மெல்லவே நகர்கிறது. ஒரு நூற்றாண்டு ஆண்டில் லீப் நாளை விட்டால்தான் பொங்கல் சட்டென்று ஒரு நாள் தாண்டும். 1900-ல் அப்படித் தாண்டியது. 2000-ல் தாண்டவில்லை. ஆகவே 1860-களின் பத்திரம் ஒன்றில் தை 1-க்கு நேரே ஜனவரி 12 என்று எழுதியிருந்தால் அதை எழுதியவரைக் குறை சொல்ல வேண்டாம். அவர் கணக்கு சரி. அடுத்த தாண்டல் 2100-ல். இன்று தொட்டிலில் இருக்கும் குழந்தைகளில் சிலராவது, அதற்குப் பிறகு ஜனவரி 16-ல் பொங்கல் வைப்பார்கள்.